ஷூவைத் திருப்பிக் காட்டுங்கள்

முழங்கால் வீங்கி வரும் ஆட்டக்காரர்களிடம் ஸ்கேன் ஃபிலிமுக்கு முன்பே நான் கேட்பது, அன்று போட்டிருந்த ஷூவைத்தான். பலர் நன்றாகக் கழுவிக் கொண்டுவருவார்கள். கழுவாமல் கொண்டுவந்தால் எனக்கு வேலை சுலபம்.

17 வயதுப் பையன் ஒருவன் அப்படித்தான் கொண்டுவந்தான். ஃபுட்பால் ஆடுபவன், விங்கர். "யாரும் இடிக்கல மேடம். நானாத்தான் திரும்பினேன். உடம்பு திரும்பிடுச்சு, கால் வரல. உள்ள டப்புன்னு ஒரு சத்தம்." ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஓரங்களில் கத்தி அலகு போல நீளமான ஸ்டட்கள் (தரையைப் பிடிக்க ஷூவின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் முளைகள்), அவற்றின் இடுக்கில் கறுப்பு ரப்பர்த் துகள்கள் அப்பியிருந்தன. புல்தரைக்குச் செய்த ஷூவோடு, ரப்பர்த் துகள் தூவிய செயற்கைப் புல் டர்ஃபில் ஆடியிருக்கிறான். "கிரிப் செமையா இருக்கும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க" என்றான். பொய் சொல்லவில்லை, கிரிப் இருந்திருக்கிறது. அவன் திரும்பிய நொடியிலும் விடாமல் இருந்திருக்கிறது.

முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிவதில் பெரும்பகுதி இப்படி யாரும் மோதாமலே நடப்பதுதான். பாதம் தரையில் பூட்டிக்கொள்ளும், உடல் திரும்பும், முழங்கால் உள்பக்கமாக மடங்கும். முறுக்கு முழுவதும் நடுவில் இருக்கும் மூட்டின் தலையில்தான் விழும்.

ஸ்டட் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஓடும்போதும் நிற்கும்போதும் கால் வழுக்காமல் காப்பது நேர்ப்பிடிப்பு. அது வேண்டும், குறைந்தால் கால் சறுக்கித் தொடைத் தசை இழுத்துக்கொள்ளும். காலை ஊன்றித் திரும்பும்போது பாதம் சுழலவிடாமல் தடுப்பது சுழல்பிடிப்பு. ஆபத்து அதிகம் இதில்தான். நேர்ப்பிடிப்பைக் குறைக்காமல் சுழல்பிடிப்பை மட்டும் எப்படிக் குறைப்பது? ஷூ வடிவமைப்பவர்களுக்குத் தலைவலி தரும் கேள்வி இது.

ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கீலுக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்து அது மூடாமல் தடுக்க முடியாது. விளிம்பில் வைத்தால் ஒரு விரலே போதும். திரும்பும்போது பெரும்பாலும் முன்பாதம்தான் தரையில் இருக்கும். கட்டைவிரலின் அடிப்பகுதிதான் ஏறக்குறைய அந்தக் கீல். ஸ்டட் அதிலிருந்து தள்ளிப்போகப் போக, சுழற்சியைத் தடுக்கும் பலம் கூடும். அதனால் ஓரத்தில் நீள ஸ்டட்களை வரிசையாக நட்டால் பாதத்தைப் பூட்டு போட்டது மாதிரிதான்.

இது வெறும் கணக்கு இல்லை. ஜோசப் டோர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1971-இல், ஃபிலடெல்ஃபியா பள்ளி மாணவர்கள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். அப்போதைய வழக்கமான ஷூவில் முக்கால் அங்குல ஸ்டட்கள் 7 இருக்கும். அதற்குப் பதில் அதில் பாதி நீளமே உள்ள ஸ்டட்கள் 14 கொண்ட, சாக்கர் (நாம் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டம்) பாணி ஷூவைக் கொடுத்துப் பார்த்தார்கள். முழங்கால் காயங்கள் எண்ணிக்கையிலும் தீவிரத்திலும் குறைந்தன. பிறகு 1996-இல் லாம்ப்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர், அதே ஆட்டம் ஆடும் 3,119 பள்ளி ஆட்டக்காரர்களை மூன்று ஆண்டுகள் கவனித்த முடிவை வெளியிட்டார்கள். நான்கு வகை அடிப்பாகங்கள். ஓரத்தில் நீள ஸ்டட்களும் நடுவில் சின்னக் கூர்முனைகளும் உள்ள 'எட்ஜ்' வகையில்தான் சுழல்தடை அதிகம். ஏசிஎல் கிழிந்த விகிதமும் மற்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்ததைவிட மூன்று மடங்குக்கு மேல்.

எழுபதுகளில் முன்பாதத்தட்டே வட்டமாகச் சுழலும் ஷூ ஒன்றையும் செய்து பார்த்தார்கள். காயம் குறைந்தது என்றே முடிவு வந்தது, ஆனாலும் சந்தையில் நிற்கவில்லை.

உருளை ஸ்டட் நல்லதா, அலகு ஸ்டட் மோசமா என்று கேட்பவர்கள் உண்டு. வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல நான் தயாரில்லை; ஆய்வக முடிவுகளே அதில் ஒன்றுபோல் இல்லை. நீளம், எண்ணிக்கை, இடம், அப்புறம் தரை, இந்த நான்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதிலும் தரையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எஃப்ஜி என்றால் கெட்டியான இயற்கைப் புல்தரை, எஸ்ஜி என்றால் நனைந்து இளகிய தரை, ஏஜி என்றால் செயற்கைப் புல். பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். ஏஜி ஷூவில் ஸ்டட்கள் குட்டையாக, நிறைய இருக்கும். எஸ்ஜியின் நீள ஸ்டட்களோடு காய்ந்த தரையில் ஆடினால் அவை மண்ணில் இறங்காது; பொய்க்கால் மேல் ஏறி நின்றது போல, ஸ்டட் இருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தம் குத்தும். பாத எலும்பில் மயிரிழை விரிசலோடு வருபவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்ப்பேன். செயற்கைத் தரை சூடேறினால் பிடிப்பும் ஏறும் என்பதையும் டோர்க்கின் குழுவே பின்னாளில் அளந்து காட்டியது. அதனால் காலையில் சரியாக இருந்த ஷூ உச்சி வெயிலில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

ஷூ வாங்கும்போது குதிகாலையும் முனையையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். துணி மாதிரி துவண்டாலும் வேண்டாம்: செயற்கைத் தரையில் அப்படிப்பட்ட ஷூவோடு ஆடிக் கட்டைவிரல் மூட்டைக் கெடுத்துக்கொள்வதற்கு 1976-லேயே 'டர்ஃப் டோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று பெரிய அளவு வாங்காதீர்கள். வளரும் வயதில் குதிகால் வலி என்று வந்தாலும் ஷூவைப் பார்ப்பது நல்லது.

ஷூ ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்காது. தொடை, இடுப்புத் தசைகளின் பலம், குதித்து இறங்கும் விதம், களைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஜவ்வின் கதி. ஃபிஃபா 11+ போன்ற 20 நிமிட வார்ம்-அப்பை ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் குறைவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பெண்களுக்கு இது இன்னும் அவசியம். ஒரே ஆட்டம் ஆடினாலும் அவர்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். இத்தனைக்கும் பெண்கள் போடும் ஷூக்களில் பெரும்பாலானவை ஆண் பாதத்தை வைத்து வார்த்த அச்சில் வந்தவை.

அந்தப் பையனுக்கு ஆபரேஷன் முடிந்து, பயிற்சியெல்லாம் முடிந்து, மைதானத்துக்குத் திரும்ப ஒரு வருஷம் பிடித்தது. கடைசியாக வந்தபோது நான் கேட்காமலே புது ஷூவைக் கவிழ்த்துக் காட்டினான். குட்டையான, வட்டமான, ஏஜி ஸ்டட்கள். சரி, பழைய ஜோடியை என்ன செய்தாய் என்றேன்.

"தங்கச்சி போட்டு ஆடுறா மேடம். முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சுக்கிறா."

அடுத்த வாரமே அவளைக் கூட்டிவரச் சொன்னேன், அந்த ஷூவோடு.