ஆக்ஸிமீட்டர் 94 காட்டினால் நம்பலாமா? கறுப்பினத்தவருக்கு நேர்ந்தது

2020 ஏப்ரலில் சிகாகோவில் கோவிட் மரணங்களைக் கணக்கெடுத்தார்கள். நகர மக்களில் சுமார் 30 சதவீதமே உள்ள கறுப்பினத்தவர், இறந்தவர்களில் 70 சதவீதம் இருந்தார்கள். வீட்டிலிருந்து பார்க்க முடியாத வேலை, நெருக்கடியான குடியிருப்பு, காப்பீடு இல்லாமை, கவனிக்கப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என இதற்குக் காரணங்கள் பல. மருத்துவமனைக்கு வந்துசேர்ந்த பிறகும் அவர்களுக்கு நடந்த அநீதி ஒன்று உண்டு. அது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வழியாக நடந்தது.

இந்தக் கருவி 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ரத்தம் இரண்டையும் எந்த விகிதத்தில் உறிஞ்சுகிறது என்பதை, ஏற்கெனவே தயாரித்து வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டுச் சதவீதம் சொல்கிறது. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். ஆனால் அட்டவணைக்காகச் சோதிக்கப்பட்டவர்களில் கறுத்த தோல்காரர்கள் மிகக் குறைவு. 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ வகுத்த வழிகாட்டுதல்கூட, சோதிக்கப்படும் 10 பேரில் கறுத்த தோல்காரர்கள் 2 பேர் இருந்தால் போதும் என்றது.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வு வெளியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். 1990லேயே இதுபற்றி எச்சரித்த ஆய்வு உண்டு, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோவிட் காலத்தில் ஆக்ஸிஜனும், வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிரும் கொடுப்பதை இந்த எண்ணை வைத்தே முடிவுசெய்தார்கள். 94க்கு மேல் காட்டியவருக்குச் சிகிச்சை தள்ளிப்போனது.

கறுத்த தோல் உள்ள யாருக்கும் இது பொருந்தும், நமக்கும்தான். நகப்பூச்சை அழித்து, கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். எண் நிலைத்து நிற்கும்வரை பொறுத்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். ஒற்றை எண்ணைவிட இறக்கம்தான் முக்கியம். வழக்கமாக 98 இருப்பவர் 94க்கு வந்தால், "94தானே" என்று விட்டுவிடக் கூடாது. ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியவில்லை என்றால், எண் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நீலம் பாரிக்கிறதா என்று விரலில் தேடாமல் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பாருங்கள், கறுத்த தோலில் அங்கேதான் தெரியும்.

மருத்துவமனையில், எண்ணுக்கும் நோயாளியின் நிலைக்கும் பொருந்தவில்லை என்றால் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஆக்ஸிஜனை நேரடியாக அளக்கும் ஏபிஜி பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.