ஏலக்காய்ப் பொட்டலம் தொங்கவிடுவதற்கு முன்னால்

கம்பத்தில் கார் ஏசி வேலை பார்க்கிறேன். பட்டறை போட்டு இருபது வருஷம் தாண்டிவிட்டது. வருகிற வண்டிகளில் பாதி நம் பள்ளத்தாக்கு வண்டி, மீதி குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் என்று மலையிலிருந்து இறங்கி வருபவை. மேலே இருந்து வருகிற மலையாளிகள் "அண்ணா, வண்டிக்குள்ள ஒரு மணம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு வாசனையும் மணம்தான், வாடையும் மணம்தான். "எப்படிப்பட்ட மணம், எப்போ வருது?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இப்போது நிறையப் பேர் கடை டப்பாவை விட்டுவிட்டு ஏலக்காய், கிராம்பு, வெட்டிவேர் என்று வீட்டுச் சாமானை வைத்தே காருக்கு வாசனை செய்துகொள்கிறார்கள். நல்ல பழக்கம். என் வண்டியிலும் அதுதான் இருக்கிறது, எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அதன் மேல் எந்த வாசனையைப் போட்டாலும், அது ஏலக்காயாகவே இருந்தாலும், ஆபத்தில் முடியலாம். ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னால் புரியும்.

ஒரு ஆடி மாதம், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கேஸ் குறைந்துவிட்டது, பார்க்க வேண்டும் என்றார். கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு தித்திப்பு வாசனை. "டேஷ்போர்டுல ஸ்ட்ராபெரி ஜெல் டப்பா வச்சிருந்தோம்ணே. டப்பா தீர்ந்து மூணு மாசம் ஆச்சு, வாசனை இன்னும் போகல. நல்ல சரக்கு" என்று அவர் வீட்டுக்காரம்மா சந்தோஷமாகச் சொன்னார். முன்சீட்டு மேட்டைத் தூக்கி அடியில் விரலை வைத்தேன். பிசுபிசுத்தது. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் தடவினது மாதிரி ஒரு படலம். ரேடியேட்டருக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம், வாரம் ஒரு முறை குறைகிறது என்றார்.

டேஷ்போர்டுக்குள் இருந்து வண்டிக்குள் சூடு கொடுக்கிற ஹீட்டர் கோர் ஓட்டையாகி, இன்ஜினைக் குளிரவைக்க ரேடியேட்டரில் ஓடுகிற கூலண்ட் ஆவியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக மணக்கும். அது விஷம். மூன்று மாதமாக அந்தக் குடும்பம், பின்சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, அந்தக் காற்றை ஸ்ட்ராபெரி வாசனை என்று நினைத்து இழுத்திருக்கிறது. லோயர் கேம்ப் ஏற்றத்தில் எப்போதாவது கூலண்ட் மொத்தமாக வடிந்திருந்தால் இன்ஜினும் போயிருக்கும். டப்பாவின் வாசனையும் கூலண்டின் வாசனையும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றிலிருந்து யார் வந்து வாசனைக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டாலும், முதலில் ஒரு வாரம் ஒன்றுமே வைக்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். வெறும் வண்டி என்ன வாடை அடிக்கிறது என்று மூக்குக்குத் தெரியட்டும். ஏசி போட்ட முதல் ஒரு நிமிஷம் மட்டும் ஈரத்துணி வாடை வந்தால் கூலிங் காயிலில் பூஞ்சை. பெட்ரோல் வாடை வந்தால் எங்கோ ஒழுகுகிறது, அன்றே காட்ட வேண்டும். இறக்கத்தில் சுட்ட வாடை வந்தால் பிரேக்காக இருக்கும், ஏற்றத்தில் வந்தால் கிளட்சாக இருக்கும். நின்ற இடத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தால் வயரிங். அழுகின முட்டை மாதிரி வந்தால் பேட்டரியையும் சைலன்சர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். புகை வாடை உள்ளே வந்தால் வண்டியை ஓரங்கட்டி எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்கள். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும், அதற்குத் தனியாக வாடையே கிடையாது.

என்னிடம் வருவதில் அதிகம் ஈரத்துணி வாடைதான். காரணம் எளிது. ஏசி ஓடும்போது கூலிங் காயில் மேல் காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகப் படியும். சோடா பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் வேர்க்கிறதே, அந்த மாதிரி. அந்தத் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ரோட்டுத் தூசி, தலைமுடி, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும், முன்சீட்டுக் காலடி நனையும், காயிலில் பூஞ்சை பிடிக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று நீங்களே குனிந்து பார்க்கலாம். சொட்டினால் நல்லது. அதை ரிப்பேர் என்று நினைத்துப் பயந்து வருகிறவர்களும் உண்டு.

பூஞ்சை வராமல் தடுக்க ஒரு காசும் செலவில்லாத வழி இருக்கிறது. வீடு வந்து சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். இதைப் பழக்கமாக்கிக்கொண்ட வண்டிகளில் காயில் கழுவுகிற வேலை எனக்கு மிகவும் குறைந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், உள்ளே வருகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஓடுகிற ஜீப்பாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே. சில ஃபில்டரைக் கழற்றும்போது எலி கூடு கட்டின பஞ்சு உதிர்ந்திருக்கிறது.

சரி, வண்டி சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது செய்முறை.

வாடையை இழுப்பது வேறு, வாசனை கொடுப்பது வேறு. இழுப்பதற்கு நம் வீட்டில் இருக்கிற நல்ல பொருள் ஆப்ப சோடா. புளித்த பால், வாந்தி, மேட்டுக்கு அடியில் நசுங்கி நொதித்துப்போன திராட்சை, இவற்றின் வாடையெல்லாம் பெரும்பாலும் அமிலம்தான். சோடா அதை முறிக்கும். குமுளிச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்காத வண்டி கிடையாது. முதலில் தண்ணீர் விட்டுத் துடைத்து, துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். தேய்த்தால் வாந்தி சீட்டுக்குள் இறங்கிவிடும். சீட் காய்ந்த பிறகு சோடாவை நன்றாகத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் போட்டு முழுவதும் எடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் ப்ளோயர் காற்றில் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். எப்போதும் வைத்திருக்க வேண்டுமானால் 100 கிராம் சோடாவைக் கெட்டியான பருத்தித் துணியில் முடிந்து சீட்டுக்கு அடியில் வைத்து, மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

சிரட்டைக் கரியும் வாடையை இழுக்கும், ஈரத்தையும் கொஞ்சம் இழுக்கும். நாம் வீட்டில் சுட்ட கரிக்கு, கடையில் கிடைக்கிற ஆக்டிவேட்டட் கரி அளவுக்கு வேகம் கிடையாது. அதனால் கால் கிலோவாவது வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை நல்ல வெயிலில் காயவையுங்கள். சுட்ட கரி ஆறினது மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், அதனால் இரண்டு மூன்று நாள் வெளியே கிடந்த கரியை மட்டுமே வண்டிக்குள் கொண்டு போங்கள்.

வாசனைக்கு ஏலக்காய். நம் ஊருக்கு மேலேதான் விளைகிறது, போடியில் ஏலம் போகிறது, நமக்குக் குறைச்சல் என்ன? நல்ல பச்சைக் காய் வேண்டாம், அதைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெடித்த காய், நிறம் போன காய் மலிவாகக் கிடைக்கும், அது போதும். வெறும் தோலை மட்டும் கட்டித் தொங்கவிட்டு, இரண்டே நாளில் வாசனை போய்விட்டது என்பார்கள். எண்ணெய் இருப்பது விதையில். இருபது காயையும் பத்து கிராம்பையும் ஒரு விரல் நீளப் பட்டையையும் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். பொடியாக்கக் கூடாது, பொடியானால் எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும், துணி வழியாகவும் கொட்டும். மெல்லிய பருத்தித் துணியில் முடிந்துகொள்ளுங்கள். வாசனை குறையும்போது முடிச்சை அவிழ்க்காமலே உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் உடையாத விதைகள் உடைந்து மறுபடி மணக்கும். என் வண்டியில் ஒரு முடிச்சு மூன்று வாரம் வரும்.

அதைவிட நீண்ட நாள் நிற்பது வெட்டிவேர். அதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். எலுமிச்சை எண்ணெய் லேசானது, வெயிலில் நிற்கிற வண்டியில் ஒரே மதியத்தில் பறந்துவிடும். அதனால் ஒரு கைப்பிடி வெட்டிவேரோடு காய்ந்த எலுமிச்சைத் தோலோ ஆரஞ்சுத் தோலோ கொஞ்சம் சேர்த்துக் கட்டினால், ஏறி உட்காரும்போது தோல் மணக்கும், போகப் போக வேர் மணக்கும். வேரில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் வாசனை தூக்கலாக வரும். ஆனால் மழைக்காலத்தில் தெளிக்காதீர்கள், பூஞ்சைக்கு நாமே சோறு போட்ட மாதிரி ஆகிவிடும். அறுத்த எலுமிச்சம்பழத்தை உள்ளே வைப்பதும் அப்படித்தான், மூன்றாம் நாள் அழுகும். மல்லிகைச் சரமும் மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டியதுதான். மருக்கொழுந்து காய்ந்த பிறகும் மணக்கும், அதை விட்டுவைக்கலாம்.

குமுளிக் கடைகளில் வாங்குகிற தைலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சைப்புல் எண்ணெய், யூக்கலிப்டஸ் தைலம், கிராம்பு எண்ணெய் எல்லாமே மிக வீரியமானவை. ஒரு துளி டேஷ்போர்டில் சிந்தினால் பிளாஸ்டிக்கை அரித்து வெள்ளைத் தழும்பு விட்டுவிடும், அதை என்னாலும் சரி செய்ய முடியாது. உடைந்த மண்சட்டி ஓடு ஒன்றை எடுத்து, கழுவிக் காயவைத்து, அதில் மூன்று துளி விடுங்கள். ஓடு உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு கப் வைக்கிற இடத்தில் வையுங்கள். டேஷ்போர்டின் இடப்பக்கம் வேண்டாம், அதற்கு அடியில்தான் ஏர்பேக் இருக்கிறது. மோதலில் அது வெடித்துத் திறந்தால் மேலே இருக்கிற எந்தப் பொருளும் கல் மாதிரி முகத்தில் வந்து விழும். ஏசி வென்ட்டுக்குள்ளோ கேபின் ஃபில்டர் மேலோ தைலம் விடவும் கூடாது. ப்ளோயர் அதை நிறுத்தாமல் மூஞ்சியில் அடித்துக்கொண்டே இருக்கும்.

இயற்கைப் பொருள்தானே, ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட முடியாது. கைக்குழந்தை இருக்கிற வண்டியில் தைலமே வேண்டாம் என்று என் வாடிக்கையாளரான ஒரு குழந்தை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கற்பூரம் பல வண்டிகளில் தட்டில் கிடக்கும். சின்னப் பிள்ளை ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டால் வலிப்பு வரலாம், அதோடு எளிதில் தீப்பிடிக்கிற பொருள். பாச்சா உருண்டை அதைவிட மோசம், ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு ரத்த அணுவையே உடைத்துவிடும். இளைப்பு இருக்கிறவர்களுக்கு ஏலக்காயோ கடை ஸ்ப்ரேயோ, எந்தக் கடுமையான வாசனையும் மூச்சை இறுக்கலாம். வாந்தி வருகிற பிள்ளைக்கு வாசனை கூடக்கூடக் குமட்டலும் கூடும், மலையேறும் முன்பு முடிச்சை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். ஓடுகிற வண்டியில் ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம், நெருப்பு பயம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் புகை முழுவதும் காயிலில் போய்ப் படியும்.

கடை ஸ்ப்ரே வாங்கினாலும் வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். சித்திரை வெயிலில் மூடி நிற்கிற வண்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். அப்படி நின்ற வண்டியில் ஏறும்போது நான்கு கதவையும் திறந்து இரண்டு நிமிஷம் விட்ட பிறகு ஏசி போடுங்கள். சூட்டில் சீட்டும் பிளாஸ்டிக்கும் விட்ட ஆவியெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் போய்விடும். தூரப் பயணத்தில் காற்று உள்ளேயே சுற்றுகிற பட்டனை மணிக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். லாரிக்குப் பின்னால் போகும்போது மட்டும் போட்டு, பிறகு எடுத்துவிடுங்கள். உள்ளே கரியமில வாயு கூடினால் ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கும்.

கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வண்டிகள் வரிசையாக என் பட்டறை வழியாகத்தான் போகும். ஈர வேட்டி, இருமுடி நெய், மாலை, கற்பூரம், ஐந்து நாள் பயணத்து வேர்வை என்று எல்லா வாசனையும் ஒரே வண்டியில் இருக்கும். ஈரத்துணியைக் கேரியரில் கட்டுங்கள், திரும்பி வந்ததும் மேட்டைக் கழற்றி வெயிலில் போடுங்கள், ஒரு முடிச்சு கரி வையுங்கள், அது போதும். ஆனால் குளிராக இருக்கிறது, கொசு கடிக்கிறது என்று இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள் தூங்குகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலே போதும், உள்ளே வருகிற கார்பன் மோனாக்சைடு யாரையும் எழுப்பாது. தூக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் படுங்கள், சாமி. முடிந்தால் வெளியே இறங்கி மண்டபத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.