கொழும்பில் வீட்டை வாடகைக்குக் கொடுக்கிறீர்களா? சாவியைக் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் போட்டோகொப்பிக் கடைகளில் 'வாடகை ஒப்பந்தம்' என்று அச்சடித்த தாள் வாங்கலாம். பெயரை நிரப்பி, முத்திரை ஒட்டி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உறுதிகள் எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், அந்தத் தாளை நீட்டிக்கொண்டு வந்து நின்றவர்களை எண்ணி முடியாது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். இல்லையென்றால் தாளில் உள்ள 'இரண்டு வருஷம்' செல்லாது. வழக்கு என்று போனால் அது வெறும் மாத வாடகையாகவே பார்க்கப்படும். 'இத்தனையாம் திகதி வெளியேறுவேன்' என்று குடியிருப்பவர் எழுதித் தந்ததை நம்பி நீங்கள் நோட்டீஸ் கொடுக்காமல் இருந்தால், வழக்கு அந்த இடத்திலேயே விழும்.

நோட்டீஸிலும் ஒரு பொறி. மாத வாடகைக்கு ஒரு முழு நாட்காட்டி மாதம் கொடுக்க வேண்டும். வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குவதானால், 12ஆம் திகதி கடிதம் கொடுத்து அடுத்த 12ஆம் திகதி போகச் சொன்னால் பிழை. கடிதம் கொடுத்த பிறகு வாடகையை வழமைபோல வாங்கி ரசீதும் எழுதினால், 'என்னைத் தொடர்ந்து இருக்கவிட்டார்' என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி நிற்பார். வாங்குவதானால் நட்டஈடாக, உரிமைக்குப் பாதகமின்றி வாங்குவதாக ரசீதிலேயே எழுதுங்கள்.

இனி, எல்லோரும் செய்கிற பெரிய பிழை. எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி, வாடகை நாலு மாதம் நின்றதும் பொலிஸுக்குப் போனார். 'இது சிவில் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கோ' என்றார்கள். கோபத்தில், குடியிருந்தவர் ஊருக்குப் போன நேரம் பூட்டை மாற்றிவிட்டார். திரும்பி வந்தவர் பொலிஸில் முறையிட, அதே பொலிஸ் இந்தத் தடவை சுறுசுறுப்பாக நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்டது. இதைத்தான் 'அறுபத்தாறு வழக்கு' என்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. அங்கே வீடு யாருடையது என்று கேட்கமாட்டார்கள். நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்ட திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் அவரைத் திரும்பக் குடியமர்த்தச் சொல்வார்கள். உறுதி அன்ரியின் கையில், சாவி குடியிருந்தவர் கையில். லைட்டை வெட்டுவது, தண்ணியை மூடுவது எல்லாம் இதே வழியில்தான் போய் முடியும். நேர்வழி மாவட்ட நீதிமன்றம்.

குத்தகைக்குக் கொடுத்த வீட்டை விரைவாகத் திரும்பப் பெற 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சுருக்கமான நடைமுறை, நீதிமன்றம் முதலில் நிபந்தனைக் கட்டளை ஒன்றைத் தரும், பிறகு குடியிருப்பவர் வந்து, அதை ஏன் உறுதிசெய்யக் கூடாது என்று காரணம் காட்ட வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கும் முறையாக எழுதிய குத்தகை கையில் வேண்டும். போட்டோகொப்பித் தாளோடு போய் விரைவு நடைமுறை கேட்காதீர்கள்.

குடியிருப்பவரோடு சேர்த்துப் பழைய வீடு வாங்குகிறவர்கள் இன்னும் கவனம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வீடுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. 1980 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய குடியிருப்பு வீடுகள் அதற்கு வெளியே. மருதானையில், கொட்டாஞ்சேனையில் தாத்தா காலத்து வீடு என்றால் உள்ளே இருக்கக்கூடும்: வாடகையைச் சட்டம்தான் நிர்ணயிக்கும், நினைத்தபடி குடியிருப்பவரை எழுப்பவும் முடியாது, வாடகைக்காரர் இறந்தாலும் மனைவியோ பிள்ளையோ தொடரலாம். 'ஆறு மாதத்தில் எழுப்பித் தாறன்' என்கிற புரோக்கரை நம்பிக் காசு கட்டாதீர்கள். கட்டிய ஆண்டைச் சோலைவரிப் பதிவேட்டில் பாருங்கள்.

மாடிவீடு என்றால் கூட்டு ஆதன வரைபடம் (கொண்டோமினியம் பிளான்) காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதியாத கட்டடத்தில் உங்கள் வீட்டுக்கென்று தனி உறுதி கிடையாது, கட்டியவரின் வாக்குத்தான். தெஹிவளை வீட்டுக்குக் கொழும்புப் பதிவகத்தில் வரிசையில் நின்று ஒரு நாளைப் போக்காதீர்கள், அது தெல்கந்தவில்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தம்பியிடம் வாய்ச்சொல்லால் வீட்டை விட்டுப் போவதும் ஆபத்து. அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படத் தம்பிக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்காகத் தம்பி குத்தகையில் வைத்த கையெழுத்துக்கே கேள்வி வரும். சோலைவரி, லைட் பில் எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மாற்றித் தரச் சொல்லி யார் கேட்டாலும், 'கட்டுறது நான்தானே' என்று சொன்னாலும், மாற்றாதீர்கள். பில் கட்டிய ரசீதை மட்டும் மாதாமாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.