ஸ்காட்ச் ஏலில் புகையைத் தேடாதீர்கள்

மறுபடியும் அதே கதை. போன வாரப் பீர் போட்டியில் எங்கள் மேஜைக்கு வந்த ஒரு ‘வீ ஹெவி’ (ஸ்காட்லாந்தின் கடும் ஏல், பீரில் ஒரு வகை), மூடியைத் திறந்ததுமே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மருந்து வாடை அடித்தது. பீட் புகையூட்டிய மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். இது பழகிப்போன சங்கதிதான். “இந்த வகைக்குப் பொருந்தாது” என்று தாளில் எழுதிவிட்டு நகர்ந்தேன். கோபம் வந்தது அடுத்த சாம்பிளில். டாஃபி, உலர் திராட்சை, நன்றாகச் சிவந்த ரொட்டி மேலோடு என்று மணக்க மணக்க அருமையாக முதிர்ந்த ஏல் அது. பக்கத்தில் இருந்த நடுவர் மணத்துக்கு 12-க்கு 6 போட்டுவிட்டு, “புகை காணோம்” என்று காரணமும் எழுதி வைத்திருந்தார்.

மதுவடிப்பகத்தில் தரக்கட்டுப்பாடு பார்ப்பது என் பிழைப்பு. அவ்வப்போது போட்டிகளில் நடுவராகவும் உட்காருவேன். ஸ்காட்லாந்தின் கடும் ஏலைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர், “விஸ்கி மாதிரி புகை வாசம் வருமில்ல?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வராது. வரவும் கூடாது.

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்துப் பலனில்லை. பீட் என்பது சதுப்பு நிலத்தில் தாவரங்கள் மட்கி உண்டாகும் எரிபொருள். ஸ்காட்லாந்தின் ஐலே தீவில் விறகும் கிடையாது, நிலக்கரியும் கிடையாது. தோண்டினால் பீட் கிடைக்கும். முளைகட்டிய பார்லியை அதை எரித்து உலர்த்தினார்கள், புகை தானியத்தில் ஏறியது. லஃப்ராய்க், ஆர்ட்பெக் விஸ்கிகளின் அந்த மருந்து வாடை இப்படி வந்ததுதான். சரி, பீர் எங்கே வடிக்கப்பட்டது? எடின்பரோ, அலோவா, டன்பார், பிரஸ்டன்பான்ஸ். எல்லாமே தாழ்நிலப் பகுதி. பிரஸ்டன்பான்ஸிலும் அலோவாவிலும் நிலக்கரிச் சுரங்கமே பக்கத்தில் இருந்தது. வெளிறிய, சுத்தமான மால்ட் வேண்டும் என்று மெனக்கெட்ட ஊர்க்காரர்கள் புகை பிடித்த மால்ட்டை ஏன் தேடிப் போகப் போகிறார்கள்? இத்தனைக்கும் எல்லா ஸ்காட்ச் விஸ்கியிலும்கூடப் புகை கிடையாது. கிளாஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் க்ளென்கோயின், தன் மால்ட்டில் பீட் புகையே படுவதில்லை என்பதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஒரு தீவின் விஸ்கியை வைத்து ஒரு நாட்டின் பீரை அளப்பது என்ன நியாயம்?

குழப்பத்தில் எங்கள் தரப்புக்கும் பங்கு உண்டு. பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான பி.ஜே.சி.பி.யின் 2008 வழிகாட்டியில், இந்த வகைக்குப் ‘பீட் சாயல் இருக்கலாம்’ என்றே இருந்தது. 2015 பதிப்பில் அதைத் திருத்தி, பீட் புகை பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பழைய பதிப்பை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியவர்கள் புதியதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. லேசான புகைச் சாயல் ஒன்று சில ஏல்களில் எட்டிப்பார்க்கும், உண்மைதான். அது வறுத்த பார்லியிலிருந்து வரலாம், ஈஸ்ட்டிலிருந்தும் வரலாம். அது வேறு, பீட் வேறு. பீட் மால்ட்டை இதில் கொட்டுவது பாயசத்தில் கருவாடு போடுகிற வேலை.

பீட் போட்டே தீருவேன் என்பவர்கள் தாராளமாகப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. அதே வழிகாட்டியில் புகையூட்டிய பீர்களுக்கென்று 32-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் பதிவு செய்யுங்கள். வீ ஹெவிக்கான 17சி-யில் அனுப்பிவிட்டு மதிப்பெண் குறைந்தது என்று மின்னஞ்சலில் சண்டைக்கு வராதீர்கள்.

இதே ரகத்தில் இன்னொரு கதை, ஸ்காட்லாந்தில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) விளையாது, அதனால் ஹாப்ஸையே தொடமாட்டார்கள் என்பது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கே பேல் ஏல் கப்பலேற்றிய ஊர் எடின்பரோ. ஹாப்ஸ் இல்லாமலா அனுப்பினார்கள்? வாங்கிப் போட்டார்கள், அவ்வளவுதான். வீ ஹெவியில் கசப்பு அடங்கியிருப்பது மால்ட்டுக்கு இடம் விடுவதற்காக.

அப்படியானால் எதைத் தேடுவது? மால்ட், மால்ட், மால்ட். ஆல்கஹால் 6.5 முதல் 10 சதவீதம். நிறம் இளஞ்செம்பிலிருந்து அடர்பழுப்பு வரை. முடிவில் இனிப்பு தங்கலாம். நொதித்த பிறகு மிஞ்சும் சர்க்கரையைக் காட்டும் இறுதி அடர்த்தி 1.040 வரைகூட இந்த வகையில் அனுமதி உண்டு, ஆகவே “இனிக்கிறது” என்பது மட்டும் குறையாகாது. திகட்டினால்தான் குறை. பாடம் படிக்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் பார்டர்ஸ் பகுதியில் இருக்கும் ட்ராக்வேர் ஹவுஸ் ஏலைத் தேடிப் பிடியுங்கள். 7.2 சதவீதம். அந்தப் பழைய மாளிகையின் வடிப்பறையை 1965-இல் அதன் உரிமையாளர் பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டூவர்ட் மறுபடி உயிர்ப்பித்தார். இன்றும் ஓக் தொட்டிகளில்தான் நொதிக்க வைக்கிறார்கள். ஓர்க்னித் தீவுகளின் ஸ்கல் ஸ்ப்ளிட்டர், டன்பாரில் இருக்கும் பெல்ஹேவனின் வீ ஹெவி ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்து ருசித்தால், ஒரே வகைக்குள் எவ்வளவு விரிவு இருக்கிறது என்று புரியும்.

இனி சுவைக்கிற முறை. தயவுசெய்து ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் இந்த ஏல் வாயே திறக்காது. 10 முதல் 13 டிகிரிக்கு வரட்டும். ஊற்றுவதற்கு முன் காலிக் கோப்பையை முகர்ந்து பாருங்கள். போட்டிகளில் தரும் பிளாஸ்டிக் கோப்பைகளுக்கே ஒரு வாடை உண்டு, அதை பீரின் தலையில் கட்டிவிடக் கூடாது. மரப் பென்சிலும் வேண்டாம். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து எழுதும்போது சீவிய மரம் மணக்கும், அதனால்தான் நாங்கள் மைக்ரோ டிப் பென்சில் வைத்திருக்கிறோம். சென்ட் அடித்துக்கொண்டு வருகிற நடுவர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு போதும். உள்ளங்கையால் மூடி ஒரு சுழற்று, உடனே முகருங்கள். நிறத்தை ரசிக்க நேரம் இருக்கிறது, அது எங்கும் ஓடிவிடாது. மணம் ஓடிவிடும். மதிப்பெண் தாளிலும் தோற்றத்துக்கு 50-இல் 3 தான். சுவைக்கு 20.

தவறு அதிகம் நடப்பது ஆல்கஹாலில். “ஸ்ட்ராங்கான சரக்கு, எரியத்தான் செய்யும்” என்று ஏற்றுக்கொள்கிறார்கள். நல்ல வீ ஹெவி விழுங்கிய பிறகு தொண்டையிலும் நெஞ்சிலும் ஒரு கதகதப்பைத் தரும், அவ்வளவே. மூக்கில் நெயில் பாலிஷ் வாடையும் நாக்கில் சுரீர் என்ற எரிச்சலும் இருந்தால், நொதித்தலின் முதல் சில நாட்களில் வெப்பம் எகிறியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்காட்டிஷ் ஈஸ்ட்டுக்குக் குளிர்ச்சி பிடிக்கும். அவசரப்பட்ட வடிப்பாளருக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள், தயங்காதீர்கள்.

அடுத்தது வெண்ணெய். டாஃபி மணத்துக்கும், வெண்ணெய் வாடை தரும் டயசெட்டைலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள், எதிரும் புதிருமாக எழுதுகிறார்கள். மணம் சந்தேகமாக இருந்தால் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று எண்ணெய் பூசியதுபோல இருந்தால் டயசெட்டைல். மால்ட்டின் கனம் அப்படி வழுக்காது. பழைய புட்டியாக இருந்தால் ஷெரி ஒயின் சாயல் கொஞ்சம் வரலாம், அது முதிர்ச்சி. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் ஆக்சிஜன் புகுந்து கெடுத்திருக்கிறது. அதற்கு வயதைச் சாக்குச் சொல்ல முடியாது.

இப்படியான ஏல்கள் நாலைந்து முடிந்ததும் நாக்கு களைத்துவிடும், இனிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும். தண்ணீர், உப்பில்லாத பிஸ்கெட், அப்புறம் முதல் சாம்பிளுக்குத் திரும்பி ஒருமுறை முகர்ந்து பார்ப்பது. முதலில் வந்தவருக்குக் கைநடுங்கிக் குறைத்துப் போட்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும். இதைச் செய்யாத மேஜைகளில் முதல் சாம்பிள் ஜெயிப்பதை நான் பார்த்ததே இல்லை.

கடைசியாக, சாம்பிள்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு. ஒயின் நடுவர்கள் துப்புவார்கள். நாங்கள் விழுங்குவோம், கசப்பு நாக்கின் பின்பக்கம் வரை போய்த்தான் முழுதாகத் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. 50 மில்லி வீதம் எட்டு சாம்பிள், சராசரி 8 சதவீதம் என்றால் 32 மில்லி சுத்த ஆல்கஹால். பிரிட்டிஷ் கணக்கில் 3.2 யூனிட். வாரத்துக்கு 14-ஐத் தாண்டாதீர்கள் என்பது பிரிட்டனின் அரசு மருத்துவ ஆலோசனை. வீட்டில் குடிப்பவர்களும் கணக்குப் போடுங்கள். 8.5 சதவீத ஏல் அரை லிட்டர் 4.25 யூனிட். சாதாரண 4 சதவீத பீரில் கிட்டத்தட்ட இரண்டு பைன்ட் (ஒரு பைன்ட் 568 மில்லி). பேரில் ‘வீ’ (ஸ்காட்லாந்து வழக்கில் ‘சின்ன’) இருக்கிறது என்று இரண்டாவது புட்டியைத் திறப்பவர்கள் மறுநாள் என்னைத் திட்டாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. லண்டனிலிருந்து வருபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், எடின்பரோவில் பஸ்ஸும் டிராமும் ஓடுகின்றன. இரவு நெடுநேரம் நடந்த சுற்று என்றால் மறுநாள் காலையும் ஸ்டியரிங்கைத் தொட அவசரப்படாதீர்கள். உடம்பு ஒரு யூனிட்டைக் கரைக்கவே சுமார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது.