எல்லைக் கல்லோடு நின்றுவிடும் வடிகால்

சென்னையைச் சுற்றி மனை வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சி.எம்.டி.ஏ. அப்ரூவலா, டி.டி.சி.பி. அப்ரூவலா?" என்றுதான். முன்னது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், பின்னது நகர் ஊரமைப்பு இயக்ககம்; மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகள். சரியான கேள்வி. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை அனுமதி என்று நம்பியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 2016 அக்டோபர் 20 வரை பதிவான அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தனி விதிகளே போட வேண்டி வந்தது.

மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டுத் தருவது என் தொழில். அனுமதி என்ன பார்க்கிறது என்று தெரியும்: பெரும்பாலும் அந்த மனைப்பிரிவின் எல்லைக்குள் இருப்பதை. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது வெளிக்கு விட்டாக வேண்டும். விடுகிறார்கள். வடிகாலும் கட்டுகிறார்கள். அது எல்லைக் கல்லோடு நின்றுவிடும். அடுத்த மனைப்பிரிவுக்காரர் கிராவல் கொட்டித் தன் இடத்தை இரண்டடி உயர்த்துவார். நடுவில் ஓடிய ஓடை என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை.

இந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலங்கலில், அதாவது உபரிநீர் வெளியேறும் வழியில், வழியும் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசன வயல்களில், நெல் விளைந்தவரை விவசாயிகளே வாய்க்காலைத் தூர்வாரினார்கள். வயல் மனையானதும் அந்த அக்கறை போய்விட்டது. அப்புறம் பொறுப்பு யாருடையது? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே ஓடை இரண்டையும் தொட்டுக்கொண்டு போகும். மனைப்பிரிவுக்குள் போட்ட சாலையும் பூங்காவும் ஊராட்சிக்கு. ஊராட்சிக்கோ சொந்தமாக ஒரு பொறியாளர்கூடக் கிடையாது.

2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மழையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. மீஞ்சூர், திருவள்ளூர், திருமழிசை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் என ஆறு இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் என்றார்கள். நல்லதுதான், ஆனால் திட்டம் வரும்வரை மனை விற்பனை காத்திருக்காது. அகமதாபாத்தில் ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு உரிமையாளரிடமும் ஒரு பங்கை எடுத்து, சாலையையும் வடிகாலையும் வகுத்துவிட்டு மீதியைத் திருப்பித் தருகிறார்கள். ஊரை ஒரே துண்டாகப் பார்க்கும் வழி அது. நம் புதுநகரங்களுக்கு அதுதான் வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை வாங்குகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படமும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. உங்கள் புல எண்ணோடு சுற்றியுள்ள எண்களையும் போட்டுப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு (வாய்க்காலுக்கென உள்ள அரசு நிலம்) எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் போய் நின்று தேடுங்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. பக்கத்தில் புது மனைப்பிரிவு வந்தால், அதன் சாலைகளைத் தானப் பத்திரமாக ஊராட்சிக்கு எழுதித் தருவார்கள். அது பதிவாகும் முன்பே, வடிகால் எந்த வாய்க்காலில் போய்ச் சேர்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கிராம சபையில் கேளுங்கள். இறுதி அனுமதி கைக்கு வந்து மனைகளும் விற்றுத் தீர்ந்த பிறகு, பதில் சொல்ல அந்த விற்பனை அலுவலகமே அங்கே இருக்காது.