மூன்றாவது டர்போவை மாட்டுவதற்கு முன்

சென்ற வாரம் ஒரு கார் இழுவை வண்டியில் வந்து இறங்கியது. 1 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜின். ஓட்டம் இன்னும் 70,000 கிலோமீட்டரைத் தொடவில்லை. உரிமையாளரின் கையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. ஏழு மாதங்களுக்கு முன் கழற்றப்பட்ட முதல் டர்போவை அதற்குள் பத்திரமாக வைத்திருந்தார். காரில் இருந்த இரண்டாவது டர்போவும் சைரன் போல ஊளையிட்டு, நீலப் புகை கக்கி, ஓய்ந்துபோயிருந்தது. "இந்த டர்போக்களின் தரமே சரியில்லை சார், இதைவிட உறுதியான ஒன்றைப் பார்த்து மாட்டிக் கொடுங்கள்" என்றார். நான் டர்போவைத் தொடுவதற்கு முன் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினேன். ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையில் முக்கால் பங்கைக் கறுப்புக் கசடு மூடியிருந்தது. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் அது பாதி வழியில் நின்றது. முதல் டர்போவை மாற்றியவர் அந்தக் குழாயை மாற்றவில்லை, சம்பைத் திறந்து பார்க்கவும் இல்லை. இந்த ஆண்டில் இதே கதையுடன் என்னிடம் வந்த ஐந்தாவது கார் இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"டர்போ போய்விட்டது" என்ற சொற்றொடரே எனக்கு எரிச்சலூட்டுகிறது. பல்பு ஃபியூஸ் போவதைப் போல டர்போவும் ஒரு நாள் தானாகவே போய்விடும், போனால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டர்போ என்பது ஒரு ஷாஃப்ட், அதன் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள், நடுவில் பேரிங்குகள், அவ்வளவுதான். சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் அந்த ஷாஃப்ட் நிமிடத்திற்கு 2,00,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. ஒரு முனையில் 950 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை மோத, ஓர் உள்ளங்கை அகலத்திற்கு அப்பால் மறுமுனை வெளிக்காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளிக்கொண்டிருக்கும். பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை; ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கே இருக்கும் இடைவெளியில், அழுத்தத்துடன் வரும் ஆயில் படலத்தின் மீது ஷாஃப்ட் மிதக்கிறது. அந்தப் படலம் சில நொடிகள் இல்லாமல் போனாலும் போதும், உலகின் மிக விலையுயர்ந்த டர்போவும் கெட்டுவிடும். ஆகவே கெட்ட டர்போவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்கு ஆயில் ஏன் வரவில்லை, வந்த ஆயில் எந்த நிலையில் வந்தது என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்காமல் மாட்டப்படும் புதிய டர்போவும் பழையது போன வழியிலேயே போகும். என்னிடம் வந்தவரின் இரண்டாவது டர்போ ஏழு மாதங்கள் தாங்கியதே எனக்கு வியப்புதான்.

கார் வாங்கும்போது தரப்படும் தொழில்நுட்ப விவரத் தாளை விற்பனைக்கான அலங்காரமாகக் கருதாமல் நிதானமாகப் படித்தால், இந்த இன்ஜின் எவ்வளவு இறுக்கமாக வேலை செய்கிறது என்பது விளங்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ211 வரிசையைச் சேர்ந்த 1.4 லிட்டர் டர்போ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 74.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 80 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1,395 கன சென்டிமீட்டர். இதன் 110 கிலோவாட் வகை, 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்திற்கு 1,500 முதல் 3,500 சுற்றுகள் வரை சீராகத் தருகிறது. டர்போ இல்லாமல் இதே விசையைப் பெற ஏறத்தாழ 2.5 லிட்டர் இன்ஜின் வேண்டும். அதாவது, குறைந்த சுற்றிலேயே ஒவ்வொரு பிஸ்டன் தலையின் மீதும் சாதாரண இன்ஜினில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தம் விழுகிறது. இத்தனை வேலையையும், அதிலிருந்து வரும் வெப்பத்தையும் தாங்குவதற்கு அந்தச் சம்பில் இருப்பது ஏறக்குறைய 4 லிட்டர் ஆயில்தான். இந்த வகைப் பொறியமைப்பை நான் குறை சொல்லவில்லை, மிக நேர்த்தியான வேலை அது. ஆனால் தாத்தா காலத்து இன்ஜினுக்கு ஆயில் ஊற்றிய மனப்பான்மையை அது மன்னிக்காது.

இங்கேதான் ஆயில் டப்பாவில் இருக்கும் எண்ணைக் காட்டி "5டபிள்யூ-30 என்றால் எல்லாம் ஒன்றுதானே" என்ற பேச்சு வருகிறது. ஒன்றில்லை. அந்த எண் ஆயிலின் பாகுத்தன்மையை மட்டுமே சொல்கிறது. குளிரில் எப்படி ஓடும், சூட்டில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே என்னென்ன சேர்மங்கள் கலந்திருக்கின்றன, 900 டிகிரி வெப்பத்திற்கு அருகில் அது கரியாக இறுகுமா என்பதையெல்லாம் டப்பாவின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தர அங்கீகாரம்தான் சொல்லும்: அமெரிக்காவின் ஏபிஐ எஸ்பி, ஐரோப்பாவின் ஏசிஇஏ சி5, ஃபோக்ஸ்வாகனின் விடபிள்யூ 504 00 போன்றவை. ஏபிஐ எஸ்பி தரம் 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்ததற்கு ஒரு காரணமே இந்தச் சிறிய டர்போ இன்ஜின்கள்தாம். குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில், ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது, சிலிண்டருக்குள் வந்து சேரும் ஆயில் துளியோ கரித்துகளோ ஸ்பார்க் பிளக்குக்கு முன்பே தீப்பற்றிக்கொள்ளும். அது வழக்கமான நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜின் தட்டுவது) அன்று. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பள்ளத்து விளிம்பை உடைத்துவிடக் கூடியது. கால்சியம் வகைச் சுத்திகரிப்புச் சேர்மங்கள் அதிகமுள்ள ஆயிலில் இது கூடுதலாக நிகழ்வது தெரிந்தபின், அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை மக்னீசியத்தால் மாற்றிப் புதிய ஆயில்களைத் தயாரித்தார்கள். ஒரே 5டபிள்யூ-30 எண்ணைத் தாங்கிய இரண்டு டப்பாக்களில் ஒன்று உங்கள் பிஸ்டனைக் காக்கலாம், மற்றொன்று கைவிடலாம். உங்கள் காரின் கையேட்டில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ, அதே எழுத்தும் எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும். "அதற்கு இணையானது" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.

சரியான ஆயிலே ஊற்றினாலும் தினமும் நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார் வேறு வகையில் நோயாளியாகிறது. 200 முதல் 350 பார் வரையிலான அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்களில், இன்ஜின் சூடேறுவதற்கு முன் பெட்ரோலின் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகிவிடும். குறுகிய ஓட்டத்தில் தங்கிவிடும். ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருப்பதைக் கண்டு "என் வண்டி ஆயிலே குடிப்பதில்லை" என்று பெருமைப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏறியிருப்பது பெட்ரோல். சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடுகிறது. பெட்ரோல் கலந்த ஆயிலில் அந்த ரப்பர் ஊறி, உரிந்து, துகள்களாக ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்துக்கொள்ளும். அப்போது டர்போவோடு இன்ஜினும் சேர்ந்து பட்டினி கிடக்கும். கையேட்டில் 15,000 கிலோமீட்டர் என்று போட்டிருப்பது நல்ல சூழலில் ஓடும் காருக்கு. அதே கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கு என்று தனியாகக் குறைந்த இடைவெளி கொடுத்திருப்பார்கள். குறுகிய ஓட்டமும் நெரிசலில் ஊர்வதும் அந்தக் கடினப் பயன்பாட்டில்தான் அடங்கும் என்பதை யாரும் படிப்பதில்லை.

புகையைக் கண்டவுடன் டர்போவைக் குற்றவாளியாக்குவதும் தவறு. டர்போவுக்குள் இருக்கும் சீல், கிராங்க் ஷாஃப்டில் இருப்பதைப் போன்ற ரப்பர் சீல் அன்று. பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். இரு பக்கத்து அழுத்த வேறுபாடுதான் ஆயிலை உள்ளே நிறுத்துகிறது. ஆயில் திரும்பி வடியும் குழாய் அடைத்திருந்தாலும், இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸின் காற்றை வெளியேற்றும் வால்வு பழுதாகி உள்ளழுத்தம் ஏறியிருந்தாலும், நல்ல டர்போவும் ஆயிலைக் கக்கும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாயில் விரலை விட்டு, சிறிது ஆயில் ஒட்டியதைக் காட்டி "பார்த்தீர்களா, டர்போ கசிகிறது" என்பவர்களும் உண்டு. கிராங்க் கேஸ் ஆவியுடன் வரும் மெல்லிய படலம் எல்லா இன்ஜினிலும் இருக்கும். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டும்போது பக்கவாட்டில் சற்று அசைவதும் இயல்புதான், ஏனெனில் அப்போது ஆயில் படலம் இல்லை. முன்பின்னாக அசைவது கைக்குத் தெரிந்தாலோ, சக்கரத்தின் இறக்கைகள் கூட்டை உரசிய தடம் இருந்தாலோதான் அது உண்மையாகவே கெட்டிருக்கிறது.

இழுவை குறைந்து, ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக்குறி வந்தால் காற்றழுத்தம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்று பொருள். டர்போவை மாற்று என்று பொருளில்லை. வெடித்த குழாய், தளர்ந்த கிளிப், வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுற்றிப் புகையைத் திருப்பிவிடும் கதவு) இயக்கும் கருவி, கிழிந்த டைவர்ட்டர் வால்வு (மிகுதிக் காற்றழுத்தத்தைத் திருப்பிவிடுவது), அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) என்று வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் டர்போவிடம் வர வேண்டும். பாரம் ஏறும்போது மட்டும் இன்ஜின் திக்கினால் முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். டர்போ இன்ஜினில் பிளக் இடைவெளி குறைவாக வைக்கப்படுகிறது. தேய்ந்து விரிந்த பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் சேர்த்துக் கெடுக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின் முதுகில் கரி படிவது இயல்பு, ஏனெனில் அதைக் கழுவிவிடப் பெட்ரோல் அந்தப் பக்கம் வருவதே இல்லை. பெட்ரோலில் கலக்கும் எந்தத் திரவமும் அந்தக் கரியைத் தொடாது. தயவுசெய்து அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேரிங் கூட்டைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் டர்போக்கள் வந்தபின், மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துவதற்கு அது தேவையில்லை. நீண்ட மலையேற்றமோ அதிவேக ஓட்டமோ முடிந்த கையோடு நிறுத்துவதானால் ஓரிரு நிமிடம் பொறுங்கள். டர்போ கேட்கும் சிறு கவனத்தை மறப்பது பழைய பழக்கம்தான். 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் கேட்டது. வாங்கியவர்கள் பலர் அதை நிரப்பவே இல்லை, கடைசியில் அந்த நிறுவனமே டர்போவைக் கழற்றிக் கொடுக்க நேர்ந்தது.

இரு வாரத்திற்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்; குறைந்தாலும் ஏறினாலும் காரணம் கேளுங்கள். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடாமல் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜினை உறுமவிடாதீர்கள். கையேடு 95 ஆக்டேன் கேட்டால் 91 போட்டு ஓட்டாதீர்கள்; நாக் சென்சார் காப்பாற்றும், ஆனால் இழுவையைக் குறைத்துத்தான் காப்பாற்றும். குறைந்த சுற்றில் திணறும்போது கியரைக் குறையுங்கள். கணினி நிரலை மாற்றிக் கூடுதல் குதிரைத்திறன் தருகிறேன் என்பவரிடம், ஸ்ட்ரெய்னரைத் திறந்து பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

சக மெக்கானிக்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய டர்போவுடன் ஆயில் குழாயையும் அதன் போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். சில இன்ஜின்களில் அந்தப் போல்ட்டுக்குள் ஒரு நுண்வலை ஒளிந்திருக்கும். ஆயில் குழாய் பொருந்தும் முகப்பில் சிலிகான் பேஸ்ட் தடவாதீர்கள், பிதுங்கும் துணுக்கு நேராகப் பேரிங்குக்குப் போகும். மாட்டும்போது டர்போவுக்குள் ஆயிலை ஊற்றி, பெட்ரோல் எரியாதபடி ஸ்டார்ட்டரால் மட்டும் இன்ஜினைச் சுழற்றி, அழுத்தம் ஏறியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுங்கள். பழைய சக்கரத்தின் உடைந்த துணுக்குகள் அங்கேதான் காத்திருக்கும்.

அட்டைப் பெட்டியோடு வந்தவரின் காரில் சம்பையும் ஸ்ட்ரெய்னரையும் சுத்தம் செய்து, குழாய்களை மாற்றி, மூன்றாவது டர்போவை மாட்டினேன். அவர் குறை சொன்ன அதே தயாரிப்புதான். உள்ளே எஞ்சிய கசடு கரைந்து வரும் என்பதால் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிக்கொள்ள வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த 1,000 கிலோமீட்டரிலும் வர வேண்டும் என்று சொன்னபோதுதான் முகம் சுளித்தார்.