குடம் நடுவில் இருந்தால் திரும்புவது சுலபம்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 2 லிட்டர் என்ஜின் மாடல், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட சுமார் ஆறரை நொடி எடுத்துக்கொள்கிறது. பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்த சில மின்சாரக் குடும்பக் கார்களே இன்று இதை முந்திவிடும். ஆனாலும் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதனிடம்தான். அப்படி இதில் என்னதான் இருக்கிறது?

இருப்பதைவிட இல்லாததுதான் முக்கியம்: எடை. ஜப்பானில் விற்ற நான்காம் தலைமுறையின் அடிப்படை மாடல் 990 கிலோதான். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ஒரு டன் வண்டியிடம் ஏறக்குறைய 386 கிலோஜூல் ஆற்றல் இருக்கும். 1,600 கிலோ வண்டியிடம் 617. பிரேக்கை மிதிக்கும்போது அவ்வளவும் வெப்பமாக மாறியாக வேண்டும். டயருக்கும் ஒரு குணம் உண்டு. அதன் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிமானம் இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். வளைவில் தேவைப்படும் விசையோ சரியாக இரட்டிப்பாகிறது. அதனால் அதே டயரில் கனத்த வண்டி முதலில் வழுக்கும்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீளமான கழியின் இரு முனைகளிலும் தண்ணீர்க் குடங்களைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். திரும்புவதும் கஷ்டம், திரும்பியபின் நிற்பது அதைவிடக் கஷ்டம். குடங்களைத் தோளருகே நகர்த்தினால் அதே பாரம் சொன்னபடி கேட்கும். தூரம் பாதியானால் திரும்புவதற்கான எதிர்ப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். எம்எக்ஸ்-5-இல் என்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஆட்கள் நடுவில். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஸ்டீயரிங்கை அசைத்ததும் வண்டி திரும்புவது இதனால்தான். 'ஜின்பா இத்தாய்', அதாவது குதிரையும் அதில் ஏறியவரும் ஓருடல், என்று மாஸ்டா சொல்வதும் இதைத்தான்.

வளைவில் இது நன்றாகவே சாயும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பாரம் எந்தப் பக்கம் போகிறது, டயர் எவ்வளவு தாங்குகிறது என்பதை முதுகுக்குச் சொல்வதே அந்தச் சாய்வுதான். 2022-இல் மாஸ்டா ஒரு தந்திரம் செய்தது. வேகமான வளைவில் வண்டியே தானாக உட்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் லேசாகப் பிரேக் கொடுக்கும். பின்பக்க சஸ்பென்ஷனின் அமைப்பால் அந்த மூலை கீழே இழுபட்டு, வண்டி தூக்கிக்கொள்வது குறைகிறது. எடை கூடவில்லை!

சரி, தினமும் ஓட்டலாமா? எடையைக் குறைத்த அதே கைதான் வசதியையும் குறைத்தது. டிக்கி 130 லிட்டர். இரண்டு சிறிய பெட்டிகள் வைத்தால் கதை முடிந்தது. டாஷ்போர்டில் பெட்டி கிடையாது, ஸ்டெப்னியும் இல்லை, பஞ்சரானால் ஒட்டும் திரவம்தான். நெடுஞ்சாலையில் காற்றுச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டும். லாரியின் சக்கரம் உங்கள் காதளவு உயரத்தில் சுழலும். அதனால் ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள் நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுத் திரும்பி வரக் கூடாது. இரண்டாம் கியரில் ஒரு வளைவு, குண்டும் குழியுமான ஒரு தெரு, அப்புறம் நெருக்கமான பார்க்கிங்கில் மூன்று தடவை ஏறி இறங்குவது. முழங்கால் என்ன சொல்கிறதென்று கேளுங்கள்.

மடக்கித் திறக்கும் துணிக்கூரைக்குத் தனிக் கவனம் வேண்டும். முதல் தலைமுறையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து அதைத் தளர்த்தாமல் கூரையை மடக்கினால் மடிப்பு விழும். கூரைமேல் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு துளைகள் வழியாகத்தான் கீழே போகிறது. இலைச்சருகு அதை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். பழைய வண்டி வாங்கப் போனால் என்ஜினைத் திறப்பதற்கு முன் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பளத்தை அழுத்துங்கள். கை ஈரமானால் விலை பேசுவதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.